அம்மா அப்பாவோடு 5 நாள் பாரிஸ்: எங்கெங்கே கையைக் கடிக்கும்?

கொங்குப்பயல் | 2025 மே 4, இரவு 10:12

மே 19 திங்கள் காலை சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம். 23 வெள்ளி இரவு திரும்புகிறோம். நான், அம்மா, அப்பா. அவர்கள் இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எனக்கு ஐரோப்பா முதல் தடவை.

அப்பா வங்கியில் 34 வருடம் கேஷியராக இருந்தவர். கள்ள நோட்டைத் தொட்டாலே சொல்லிவிடுவார். ஆனால் தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் நின்றுவிடுவார். ராமேஸ்வரத்தில் அவர் நின்று விசாரிக்காத கைடு கிடையாது. அம்மா அதற்கும் மேல். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுவார்.

பாரிஸில் சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றுவது, ஜேப்படி பற்றி யூடியூபில் பத்து வீடியோ பார்த்தேன். பதினொன்றாவது பார்த்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன் போல இருக்கிறது. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள். தங்குவது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பாஷை சுத்தமாகத் தெரியாது.


லாச்சப்பல் அண்ணை | மே 4, இரவு 11:40

தம்பி, நான் இங்கே வந்து 31 வருசம். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் எங்கட கடைத்தெரு. தோசையும் கிடைக்கும், புட்டும் கிடைக்கும். பசிக்குப் பயமில்லை.

உல்லாசப் பயணிகளிடம் கத்தியைக் காட்டிப் பறிப்பதை நான் பெரிதாகக் கண்டதில்லை. சிரித்துக் கதைத்துப் பறிப்பதுதான் கூட. அதனால் உடம்புக்குப் பயப்பட வேண்டாம், கவனம் மட்டும் போதும்.

விமான நிலையத்திலேயே தொடங்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, கதவுக்கு உள்பக்கமே கோட்டுப் போட்ட ஒருவர் மெல்லிய குரலில் "டாக்ஸி, டாக்ஸி" என்பார். கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். முகத்தைப் பாராமல் நடவுங்கள். முறையான டாக்ஸிக்காரர் உள்ளே வந்து ஆள் பிடிக்க மாட்டார், பிடிக்கவும் கூடாது. வெளியே வரிசை இருக்கும். கூரையில் விளக்கு: பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கு. நகருக்குள் போகக் கட்டணம் முன்கூட்டியே நிர்ணயித்தது. 2025-ல் சென் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. கார் து நோர் வலக்கரை. அது ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. பெட்டிக்குத் தனிக்காசு இல்லை. உள்ளே நிற்கிற ஆள் அதே தூரத்துக்கு 150 கேட்பார். கைகாலெல்லாம் களைத்துப்போய் வருகிற உங்களுக்கு அதுவும் சரியென்றுதான் படும்.


ஊர்க்குருவி | மே 5, காலை 7:05

எல்லாரும் ரொம்பப் பெரிதாக்குகிறார்கள். 2023-ல் பத்து நாள் இருந்தேன். ஒரு பைசா போகவில்லை. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஜாக்கிரதை இருந்தால் போதும்.

என்னிடம் காசு பிடுங்கியது ஒரே ஒரு கூட்டம்தான். அதுவும் சீருடை போட்ட கூட்டம். லா தெஃபான்ஸ் என்ற இடத்தில் ரயிலைவிட்டு இறங்கினால் நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். டிக்கெட்டைக் காட்டினேன். செல்லாது என்று அங்கேயே அபராதம். டிக்கெட் வாங்கியவனுக்கு அபராதம்! அதைவிடப் பெரிய மோசடி எது?


தண்டவாளம் | மே 5, காலை 9:30

குருவி அண்ணே, கோபம் நியாயம். ஆனால் அது மோசடி இல்லை, அந்த ஊர்க் கட்டணக் குழப்பம். அப்போது லா தெஃபான்ஸுக்கு மெட்ரோ 1-ஆம் தடத்தில் போனால் சாதா டிக்கெட் செல்லும். அதே இடத்துக்கு ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலில் போனால் செல்லாது. இரண்டும் ஒரே நிலையத்தில் வந்து நிற்கும். வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

2025 ஜனவரியிலிருந்து அந்தக் குழப்பம் போய்விட்டது. பாரிஸ் வட்டாரம் முழுக்க மெட்ரோவானாலும் ஆர்இஆர் ஆனாலும் ஒரு டிக்கெட் 2.50 யூரோ. வெர்சாய் அரண்மனைக்கும் அதே 2.50. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், 13 யூரோ. பஸ், டிராமுக்கு வேறு டிக்கெட், 2 யூரோ. எல்லாம் 2025 விலை. 2.50 டிக்கெட்டில் விமான நிலையத்துக்குப் போனால் குருவி அண்ணன் கதைதான்.

கொங்கு, உங்கள் தேதிகளுக்கு நாவிகோ என்ற வாரப் பயண பாஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது. அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை, திங்கள் முதல் ஞாயிறு வரை. 2025 விலை 31.60. அட்டைக்கு 5 யூரோ தனி, பாஸ்போர்ட் போட்டோவைவிடச் சின்னதாக ஒரு போட்டோ ஒட்ட வேண்டும். விமான நிலையமும் அதில் அடக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: போக வர 26, ஊருக்குள் நாலு டிக்கெட் 10, ஆக 36. அட்டையோடு சேர்த்து 36.60. ஐந்தாவது பயணத்திலிருந்து லாபம். போட்டோவைக் கோவையிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை வாங்கியதும் போட்டோவை ஒட்டிப் பெயரை எழுதிவிடுங்கள். ஒட்டாமல் பையில் வைத்திருந்தால் அதற்கும் அபராதம் போடுவார்கள்.

நிஜமான மோசடி டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடக்கும். நீங்கள் திரையைப் பார்த்து முழிக்கும்போது நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் வருவார். "உங்கள் கார்டு இதில் வேலை செய்யாது, நான் என் கார்டில் எடுத்துத் தருகிறேன், பணமாகக் கொடுங்கள்" என்பார். உங்கள் கண் முன்னாலேயே பட்டனை அழுத்துவார். இயந்திரத்திலிருந்து டிக்கெட் வரத்தான் செய்யும். ஆனால் அது குழந்தைகளுக்கான அரை டிக்கெட்டாக இருக்கும், அல்லது ஒரே பயணத்துக்கான சீட்டை ஐந்து நாள் பாஸ் என்று கொடுப்பார். காசு வாங்கியவர் போய்விடுவார். பரிசோதகரிடம் நிற்பது நீங்கள்.


வைகை வானதி | மே 5, பகல் 1:15

என் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தை ஒட்டித் துய்லரி தோட்டம் இருக்கிறது. அங்கே நடந்துகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு எட்டு முன்னால் போன ஒரு பெண் சட்டென்று குனிந்து தரையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தாள். கல்யாண மோதிரம் மாதிரி தடித்த வளையம். "உங்களுடையதா?" என்றாள். இல்லை என்றேன். தன் விரலில் போட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. உள்பக்கத்தைத் திருப்பி முத்திரையைக் காட்டினாள். "தங்கம்! எனக்குச் சேரவில்லை, உங்கள் அதிர்ஷ்டம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போயேவிட்டாள்.

அவள் நடிப்பெல்லாம் சுத்தம்தான். ஆனால் மதுரைக்காரியின் கையில் அல்லவா வைத்தாள்! கையில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது, அந்தத் தடிமனுக்குத் தங்கமாக இருந்தால் ஒரு பவுனுக்குக் குறையாது, இதற்குக் கனமே இல்லை. பித்தளை. பத்தடி போனவள் திரும்பி வந்தாள். சாப்பிட்டு இரண்டு நாளாகிறதாம், காபிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமாம். மோதிரத்தை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்கிறாள்! பக்கத்தில் இருந்த பச்சை இரும்பு நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அதே மோதிரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஜோடிக்கு முன்னால் குனிந்துகொண்டிருக்கிறாள்.

அப்புறம் அட்டை வைத்துக்கொண்டு கையெழுத்து கேட்கும் பெண்கள். காது கேளாதவர்களுக்காக என்று சைகையில் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் எத்தனை யூரோ என்று எழுதச் சொல்வார்கள். நன்கொடை பெரிய விஷயமில்லை. அந்த அட்டையைப் பாருங்கள். நெஞ்சுக்கு நேரே, கொஞ்சம் தாழ்வாக நீட்டுவார்கள். அட்டைக்குக் கீழே உங்கள் கைப்பையின் ஜிப் இருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. காபிக் கடையில் மேஜைமேல் போன் வைத்திருந்தால் அதே காகிதத்தை அதன்மேல் வைத்துப் பேசுவார்கள். காகிதம் போகும்போது போனும் போகும்.


கொங்குப்பயல் | மே 5, இரவு 9:50

எல்லாருக்கும் நன்றி. மோதிரக் கதையை அப்பாவிடம் சொன்னேன். "உரசிப் பார்க்காமலே சொன்னாளா?" என்று அதைத்தான் மூன்று தடவை கேட்டார்.

இரண்டு சந்தேகம். அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மாட்டார். பரவாயில்லையா? மெட்ரோவில் ஜேப்படி உண்மையிலேயே அவ்வளவு மோசமா?


லாச்சப்பல் அண்ணை | மே 5, இரவு 11:20

தாலிக்கொடியைச் சட்டைக்கு உள்ளே விட்டு, மேலே ஒரு மப்ளரைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். மே மாதத்திலும் காலையில் குளிர் இருக்கும், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டினம். மற்ற நகையெல்லாம் வீட்டில் இருக்கட்டும். எங்கட சனம் பவுன் போடும் என்று இங்கே கள்ளருக்கு நன்றாகத் தெரியும். நாங்களே கலியாண வீட்டுக்கு நகையைப் பையில் கொண்டுபோய் மண்டபத்துக்குள் தான் போடுகிறோம்.

மெட்ரோ: 1-ஆம் தடம், ஈஃபில் கோபுரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற த்ரொகதெரோ பக்கம் போகும் 6-உம் 9-உம், விமான நிலையத்து ஆர்இஆர் பி. இவற்றில் கவனம். 2013 ஏப்ரலில் லூவ்ர் காவலாளிகளே ஜேப்படித் தொல்லை தாங்காமல் வேலையை நிறுத்த, ஒரு நாள் முழுக்க அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. கள்ளர் உள்ளேயே வந்து களவெடுத்தார்கள், வேலை செய்கிறவர்களையும் மிரட்டினார்கள்.

போன் போவது எப்படியென்று சொல்கிறேன். நீங்கள் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து படம் பார்ப்பீர்கள். நிலையத்தில் வண்டி நிற்கும், ஏறுவோர் ஏறி முடிவார்கள், கதவு மூடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் அவனுக்கு மணி. ஒரு கை வரும், போன் போகும், கதவு மூடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீங்கள். ஆகவே கதவோரம் இருந்தால் போன் பையில்.

இன்னொன்று, சாதாரண உடுப்பில் வந்து பொலிஸ் என்று சொல்லி ஒரு அட்டையை மின்னலாகக் காட்டுவார்கள். கள்ள நோட்டுப் பரிசோதனை, பர்ஸைக் காட்டு என்பார்கள். இங்கத்தைய பொலிஸ் அடையாளப் பத்திரம் கேட்கலாம், கேட்பது வழக்கம். காசை எண்ணவோ வங்கி அட்டையின் ரகசிய எண்ணையோ கேட்காது. அப்பா கேஷியர் என்கிறீர்கள். கள்ள நோட்டு என்று கேட்டதும் உற்சாகமாக எடுத்துக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


தோபாயோ அக்கா | மே 6, காலை 6:45

நான் இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பெயர் தெரியாத இடம்தானே, எழுதிவிடுகிறேன்.

ஈஃபில் கோபுரத்தடியில் பூவெல்லாம் வைத்து அலங்கரித்த மூன்று சக்கர ரிக்‌ஷா நிற்கும். இரவு பத்து மணி. மாமியாருக்குக் கால் வலி. ஓட்டுகிற பையன் எங்களைப் பார்த்ததும் "இந்தியா? ஷாருக் கான்!" என்று பாட்டுப் போட்டான். நாங்கள் சிங்கப்பூர் என்று சொல்லக்கூட விடவில்லை. எவ்வளவு என்று என் கணவர் கேட்டார். "டென்" என்றான். பத்து யூரோதானே, நாலு பேரும் இரண்டு வண்டியில் ஏறினோம். பாட்டு, குளிர்காற்று, மாமியாருக்கு ஒரே சந்தோஷம். சுற்றிச் சுற்றி ஷான்செலிசே கொண்டுபோய் இறக்கினான்.

இறங்கியதும் இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்தான். ஓர் ஆளுக்கு, ஐந்து நிமிடத்துக்கு, பத்து. இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறான். நாலு பேர். நூற்று அறுபது. முன்வண்டிக்காரனும் வந்து நின்றான். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார், "என்னப்பா, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லைம்மா" என்று எண்ணிக் கொடுத்துவிட்டார். ஓட்டலுக்கு வந்த பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. இன்று வரைக்கும் மாமியாருக்கு அது பத்து யூரோ சவாரிதான். போன தீபாவளிக்குக்கூட எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், "பாரிஸில் ரிக்‌ஷா என்ன மலிவு தெரியுமா?" என்று.


வைகை வானதி | மே 6, காலை 8:02

அக்கா, சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை. மன்னிக்கவும்.


பழைய பேப்பர் | மே 6, காலை 11:10

அக்கா வெட்கப்படவே வேண்டாம். நீங்கள் நின்ற அதே கோபுரத்தை ஒருவன் விற்றிருக்கிறான், வாங்கியவனும் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

1925. விக்டர் லுஸ்டிக் என்று ஒரு மோசடிப் பேர்வழி. 1889 கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் முதலில் 20 வருடத்துக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 1925-ல் பராமரிப்புச் செலவு பெரிய தலைவலியாக இருப்பதாகப் பத்திரிகையில் செய்தி. லுஸ்டிக் அதைப் படித்தான். தன்னைத் தபால் தந்தி அமைச்சகத்தின் துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு, பழைய இரும்பு வியாபாரிகளை க்ரியோன் ஓட்டலுக்கு அழைத்தான். கோபுரத்தைப் பிரித்து இரும்பாக விற்கப் போகிறோம், ஊரில் கலவரமாகிவிடும், வெளியே சொல்லாதீர்கள் என்றான். ஆந்த்ரே புவாசோன் என்ற வியாபாரி மாட்டினார். அவருக்குச் சந்தேகம் வந்தபோது லுஸ்டிக் செய்ததுதான் வேலை: லஞ்சம் கேட்டான். லஞ்சம் கேட்கிறான் என்றால் நிஜமான அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நம்பிவிட்டார்! இதைப் படித்தபோது நம்ம ஊர்க் கதை மாதிரியே இருந்தது.

பணத்தோடு வியன்னாவுக்குப் போனவன் தினமும் பாரிஸ் பத்திரிகை பார்த்தான். ஒரு வரிகூட வரவில்லை. புவாசோன் போலீஸுக்கே போகவில்லை. சரி என்று திரும்பி வந்து அதே கோபுரத்தை இரண்டாம் தடவை விற்கப் பார்த்தான். அந்த இரண்டாவது ஆள் போலீஸுக்குப் போனதால்தான் ஓட வேண்டியதாயிற்று.

கொங்கு, மூன்று கிண்ணம் கவிழ்த்துப் பந்தைக் கண்டுபிடிக்கும் ஆட்டமும் அங்கே உண்டு. போனெத்தோ என்பார்கள், பிரான்ஸில் சட்டவிரோதம். கோபுரத்துக்கு எதிரே இயெனா பாலத்தில் அட்டைப்பெட்டியோ ஒரு பாயோ விரித்து ஆடுவார்கள். ஐம்பது யூரோ ஜெயித்துக் குதிக்கிற அந்த அம்மாள், தோற்றுத் தலையில் கை வைக்கிற அந்த வெள்ளைக்காரர், பக்கத்தில் சாதாரணமாக நிற்கிற இருவர், எல்லாரும் ஒரே கூட்டம். வட்டத்தில் வெளியாள் நீங்கள் ஒருவர்தான். வேடிக்கை பார்க்க நின்றாலும் பின்பாக்கெட்டுக்கு ஆபத்து.


ஊர்க்குருவி | மே 6, மாலை 5:25

கோபுரத்தை விற்ற கதை பிரமாதம். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஒன்று: இந்த வேலையெல்லாம் செய்வது முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்து குந்தியிருக்கும் கூட்டம். அவர்களைத் துரத்தினால் பாதித் தொல்லை போய்விடும்.


லாச்சப்பல் அண்ணை | மே 6, இரவு 11:55

தம்பி குருவி, நானும் வெளிநாட்டிலிருந்து வந்து குந்தினவன்தான்.

94-ல் வந்த போது விசா இல்லை, பாசை இல்லை. இரவில் ரெஸ்டோரண்ட் ரெஸ்டோரண்டாக ஏறி ரோசாப்பூ விற்றேன். ஒரு வாளியில் நாற்பது பூ. மேசையில் ஒரு ஆணும் பெண்ணும் இருந்தால் போய் நிற்பது. அவர்கள் தலையை ஆட்டினால் அடுத்த மேசை. சில முதலாளிமார் கழுத்தில் பிடித்து வெளியே விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் விற்காத பூவோடு கடைசி மெட்ரோ பிடித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கையில் பூவைத் திணித்துவிட்டு அந்த ஆணிடம் காசு கேட்டால் விற்கும் என்று கூட விற்ற ஒருவன் சொல்லித் தந்தான். நன்றாகத்தான் விற்றது அவனுக்கு. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கோபுரத்தடியில் குட்டிக் கோபுரம் விற்கிற பொடியன்களைப் பாருங்கள். பொலிசைக் கண்டால் துணியின் நாலு மூலையையும் ஒரே இழுப்பில் மூட்டையாக்கிக்கொண்டு ஓடுவான்கள். உரிமம் இல்லை, சட்டப்படி பிழைதான். ஆனால் ஒரு யூரோவுக்குச் சாவிவளையம் வாங்கினால் ஒரு யூரோதான் போகும். அவனும் கிண்ணம் கவிழ்க்கிறவனும் ஒன்றில்லை.

கையில் நூல் கட்டுகிறவர்களைப் பற்றி ஒருவரும் இன்னும் எழுதவில்லையே?


புதுச்சேரி பொன்ஜூர் | மே 7, காலை 10:40

நூல் விஷயத்தை நான் எழுதுகிறேன். மோன்மார்த்ர் குன்றின்மேல் சாக்ரே கேர் தேவாலயம். ஆன்வேர் மெட்ரோவில் இறங்கி, ஸ்தேன்கேர்க் என்ற கடைத்தெரு வழியாக ஏறினால் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் நாலைந்து பேர் நிற்பார்கள். கையில் கலர் நூல். "மை ஃபிரெண்ட், நமஸ்தே" என்று கையை நீட்டுவார்கள். நீங்கள் கை குலுக்கினால் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு அதில் நூலை மாட்டிப் பின்னத் தொடங்கிவிடுவார்கள். பின்னல் முடியும் வரை உங்கள் விரல் அவர்களிடம். பிறகு மணிக்கட்டில் இறுக்கி முடிச்சு. கத்தி இல்லாமல் கழற்ற முடியாது. அப்புறம் இருபது யூரோ. நம்மவர்களுக்கு அது சாமிக் கயிறு மாதிரி தெரிவதால் கையை நீட்டிவிடுகிறார்கள்.

வயதானவர்களோடு போவதால் அந்த வழியே வேண்டாம். 12-ஆம் தடத்தில் அபெஸ் நிலையத்தில் இறங்குங்கள். பாரிஸ் நகருக்குள் இருக்கும் மெட்ரோ நிலையங்களில் ஆழமானது அது, 36 மீட்டர். லிஃப்ட் இருக்கிறது, சுழல் படியில் ஏறிவிடாதீர்கள். அங்கிருந்து 40-ஆம் எண் பஸ் மேலே போகும். ஓவியர்கள் உட்காரும் தெர்த்ர் சதுக்கத்தின் வழியாகத் தேவாலயத்துக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேரலாம். அந்தச் சதுக்கத்தில் முக்காலி, படம் வரையும் சட்டம் வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் நகராட்சி அனுமதி பெற்றவர்கள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்து உங்கள் முகத்தை வரையத் தொடங்குகிறவர் வேறு. "சும்மா பார்க்கிறேன்" என்று அப்பா நின்றால் படம் முடிந்துவிடும்.

டிக்கெட் பற்றி ஒன்று. நோட்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பர் 8-ல் மறுபடி திறந்தது. உள்ளே போக இலவசம். முன்பதிவும் இலவசம், கட்டாயமும் இல்லை. இணையத்தில் அதற்கு யாராவது காசு கேட்டால் மூடிவிடுங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்களுக்கு 20-ஆம் தேதி செவ்வாய். அந்தத் தேதிக்கு லூவ்ர் நுழைவுச் சீட்டு விற்கும் தளம் எதுவானாலும் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். ஈஃபில் கோபுரத்துக்கும் லூவ்ருக்கும் அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே எடுங்கள். கோபுரச் சீட்டுக்கு 2024 பிப்ரவரி முதல் நம்ம யுபிஐ-கூடச் செல்லுகிறது.

சாப்பாட்டுக் கடை. தண்ணீர் என்று மட்டும் கேட்டால் பாட்டில் வரும், ஐந்தாறு யூரோ. "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாகத் தர வேண்டும், ரொட்டியும் அப்படியே. சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. டிப்ஸ் உங்கள் விருப்பம். கார்டு இயந்திரத்தை நீட்டி "டிப்ஸ் சேரவில்லை" என்று சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

அதே இயந்திரத்தில் இன்னொரு பொறி. இந்திய கார்டு போட்டதும் "யூரோவா, ரூபாயா?" என்று கேட்கும். நம்ம ஊர்க் கணக்கில் தெரிகிறதே என்று மனசு ரூபாயைத்தான் அழுத்தச் சொல்லும். அழுத்தினால் மாற்று விலையை உங்கள் வங்கி போடாது, அந்த இயந்திரக்காரர் போடுவார். நூறு யூரோவுக்கு ஐந்தாறு யூரோ சத்தமில்லாமல் போகும். சட்டப்படி சரிதான், நீங்களே சம்மதித்ததாகிவிடும். எப்போதும் யூரோ.

கடைசியாக, பாஷை. "பொன்ஜூர்" (வணக்கம்) சொல்லாமல் கடையில் எதுவும் கேட்காதீர்கள், மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ஆனால் தெருவில் பின்னால் வந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பொன்ஜூர்கூட வேண்டாம். "நோன், மெர்சி" (வேண்டாம், நன்றி), நிற்காமல் நடை.

பறிபோனால் போலீஸ் 17, அல்லது 112. முதலில் கார்டைச் செயலியில் முடக்குங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார். காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பயணக் காப்பீட்டில் ஒன்றும் பெயராது.


கொங்குப்பயல் | மே 7, இரவு 10:05

இதை அப்படியே அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். தோபாயோ அக்கா, உங்கள் கணக்கைச் சரிபார்த்தார். நாலு, நாலு, பத்து, நூற்று அறுபது, சரிதானாம்.

போட்டோவும் வெட்டியாயிற்று. வந்து எழுதுகிறேன்.


கொங்குப்பயல் | மே 27, இரவு 9:30

வந்துவிட்டோம். பை, போன், தாலிக்கொடி, பாஸ்போர்ட் எல்லாம் பத்திரம்.

விமான நிலையத்தில் கோட்டுப் போட்ட ஆள் அண்ணை சொன்ன அதே கதவுக்கு உள்ளே நின்றார். அப்பா அவரிடம் போய் "ஃபிஃப்டி சிக்ஸ்?" என்றார். ஆள் காணாமல் போய்விட்டார். நாங்கள் ரயிலில்தான் போனோம்.

பின்வழியாக மோன்மார்த்ர் ஏறிவிட்டு, இறங்கும்போது வழி தவறி முன்படிக்கட்டில் வந்து மாட்டிக்கொண்டோம். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வங்கித் தணிக்கைக்கு வந்தவர் மாதிரி நடந்தார், அவரிடம் யாரும் வரவில்லை. அம்மாவிடம் ஒருவன் நூலோடு வந்தான். அம்மா தமிழிலேயே, "வேண்டாம்ப்பா, வீட்டில் நிறைய இருக்கு" என்று மணிக்கட்டில் இருந்த பழைய கோயில் கயிற்றைக் காட்டினார். அவன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு விலகிக்கொண்டான்.

ஏமாந்தது நான்தான். வியாழக்கிழமை இரவு சாப்பாட்டுக் கடையில் 84 யூரோ பில். கார்டு இயந்திரத்தில் ரூபாய் என்று பார்த்ததும் கை தானாகப் போய் அழுத்திவிட்டது. ரசீதை வாங்கிய அப்பா பென்சிலை எடுத்து மேஜைவிரிப்புக் காகிதத்திலேயே வகுத்துப் பார்த்து, "நானூற்றுச் சொச்சம் போச்சு" என்றார். அதற்குப் பிறகு கார்டு அவரிடம்.

இன்னொரு சம்பவம். கடைசி நாள் 6-ஆம் தடத்தில் பிர் ஹக்கைம் நிலையத்தில் இறங்கிப் படியில் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பையன், பதினாறு வயது இருக்கும், "மிஸ்யே, மிஸ்யே!" என்று ஓடி வந்தான். அப்பா "நோன் மெர்சி, நோன் மெர்சி" என்று இரண்டிரண்டு படியாக இறங்கினார். 71 வயதில் அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. நானும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வெளியே போகும் கதவருகே பையன் எங்களைப் பிடித்துவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினான். அப்பாவின் கண்ணாடிக் கூடு. இருக்கையில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். பையன் அவனுடைய நிலையத்தை விட்டுவிட்டு எங்களுக்காக இறங்கியிருக்கிறான்.

அப்பாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா உடனே கைப்பையைத் திறந்து ஒரு முறுக்குப் பாக்கெட்டை எடுத்து அவன் கையில் திணிக்கப் பார்த்தார். பையன் பாக்கெட்டைப் பார்த்தான், எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கி, "நோன், மெர்சி மதாம்" என்றான்.


லாச்சப்பல் அண்ணை | மே 27, இரவு 11:48

அந்த முறுக்கை இங்கே கொண்டுவந்து தந்திருக்கலாமே தம்பி. நான் கையை நீட்டியிருப்பேன்.